எது தொலைவு?

தொலைவு என்பது அளந்து அறியத்தக்க ஒரு பொருள் என்றே நாம் யாவரும் எண்ணியிருக்கிறோம். செல்வம் ஒருவனிடம் மிகுந்தும் மற்றொருவனிடம் குறைந்தும் இருக்கலாம், கல்வியும் அவ்வாறே. ஆனால் இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள மைல்கள் எல்லோர்க்கும் பொது. அளப்பவன் அரசனாயினும் ஆண்டியாயினும் அளவு மாறாது என்பது நமது நம்பிக்கை. இந்த நம்பிக்கை உண்மைதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகளைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டுவதில்லை. நம்மவர் தலைமுறை தலைமுறையாய் உழைத்து வாழ்ந்து வரும் கெடா மாநிலமே அதற்குப் போதும்.

கெடாவில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. ஒன்று, தலைநகராகிய அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸில் இருக்கும் சுல்தான் அப்துல் ஹலீம் விமான நிலையம். மற்றொன்று, கடலுக்கு அப்பால் லங்காவித் தீவில் பாடாங் மாட்சிராட்டில் இருப்பது. நிலப்படத்தை விரித்து இரண்டிற்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்து அளந்தால் ஏறக்குறைய 76 கிலோமீட்டர் வரும். பழைய கணக்கில் 47 மைல். மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் இத்தூரத்தை ஆறு நிமிடத்திற்குள் கடந்துவிடும். மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் வேண்டிய நேரத்தைத் தாராளமாகச் சேர்த்துக் கொண்டாலும் அரைமணிக்கு மேல் போகாது. கதிரவனோ அலோர் ஸ்டாரின் உச்சியைக் கடந்து லங்காவியின் உச்சிக்கு வர மூன்று நிமிடங்கூட எடுத்துக் கொள்வதில்லை.

இவ்வளவும் கணக்கு. நடப்போ வேறு. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே பொதுமக்கள் சீட்டு வாங்கி ஏறத்தக்க வழக்கமான நேர் விமானம் கிடையாது. அலோர் ஸ்டாரில் விமானமேறி லங்காவியில்தான் இறங்குவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடிப்பாரானால், அவர் முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் பறந்து கோலாலம்பூருக்குப் போக வேண்டும். அங்கே காத்திருந்து, வேறு விமானம் மாறி, மறுபடியும் வடக்கே 450 கிலோமீட்டர் பறந்து வர வேண்டும். 76 கிலோமீட்டர் 850 ஆகிறது, அரைமணி அரைநாளாகிறது. அதே மனிதர் விமானத்தை மறந்துவிட்டு, கோலக் கெடாத் துறைக்குச் சென்று படகில் ஏறுவாரானால், ஒன்றே முக்கால் மணி அளவில் தீவின் குவாத் துறையில் இறங்கிவிடலாம்.

அலோர் ஸ்டாருக்கும் லங்காவிக்கும் எவ்வளவு தூரம் என்ற ஒரே கேள்விக்கு இப்போது நம்மிடம் மூன்று விடைகள் இருக்கின்றன. நிலப்படம் ஒன்று சொல்கிறது. விமானச் சீட்டு ஒன்று சொல்கிறது. படகுத் துறை ஒன்று சொல்கிறது. மூன்றும் பொய்யல்ல. ஆனால் மனிதனுக்குப் பயன்படும் விடை எது? நிலப்படம் சொல்லும் 76 கிலோமீட்டர் பறவைக்குரியது. மனிதனுக்குரிய தூரம், அவனுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கும் வழியின் தூரமே. வழியைத் திறப்பதும் அடைப்பதும் மனிதர் கையில் இருப்பதால், தொலைவும் மனிதர் கையில்தான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "ஏறுவதற்கு ஆளில்லாத இடத்தில் விமானம் ஏன் பறக்க வேண்டும்? படகு இருக்கிறதே, போதாதா? இதில் நீதி எங்கே, அநீதி எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 76 கிலோமீட்டருக்கு எண்ணெயை எரித்துக் கொண்டு ஒரு விமானம் பறப்பதை நாமும் விரும்பவில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து லங்காவிக்கு விமானம் விடுக என்று வேண்டுகோள் விடுப்பதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவுமில்லை. நாம் சொல்ல வந்தது இதுதான்: எங்கே வழி வேண்டும், எங்கே வேண்டாம் என்று யாரோ ஓரிடத்தில் அமர்ந்து முடிவு செய்கிறார்கள். அம்முடிவு சரியானதாகவும் இருக்கலாம், தவறானதாகவும் இருக்கலாம். ஆனால் அது முடிவு. மலையைப்போல, கடலைப்போல, தானே முளைத்த பொருளன்று. முடிவு என்று ஒப்புக்கொண்டால், யார் செய்த முடிவு, யாருக்காகச் செய்த முடிவு, யார் அதன் விலையைக் கொடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

தொலைவு எப்போதும் இப்படி மனிதர் கையில் இருந்ததில்லை. கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த இந்தக் கெடாவின்மீது இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படை செலுத்தினான் என்பதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கடாரத்து அரசன் எழுப்பிய பௌத்த விகாரம் நாகப்பட்டினத்தில் நின்றது. மெர்போக் ஆற்றை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த கோயில்களின் அடித்தளங்கள் அக்காலத்து வாணிகத்துக்கு இன்றும் சான்று கூறுகின்றன. கடாரம் கொண்டவன் நம்மவன் என்று மேடைதோறும் மார்தட்டிக் கொள்ளும் நாம், அக்காலத்துக் கப்பலை உந்தியது எது என்று கேட்பதில்லை. காற்றுதான் உந்தியது. காற்று ஒரு பருவத்தில் கிழக்கே கொண்டு சேர்க்கும். மறு பருவம் வரும்வரை திரும்ப விடாது. மன்னனின் கலமும் வணிகனின் கலமும் ஒரே காற்றுக்குத்தான் காத்துக் கிடந்தன. முடி சூடியவன் என்பதற்காகக் காற்று முன்கூட்டியே திரும்பி வீசியதில்லை. அந்நாளில் தொலைவு இயற்கையினுடையது. கொடுமையானதுதான், ஆனால் அக்கொடுமையில் ஓரவஞ்சனை இல்லை.

நீராவிக் கப்பல் வந்தது. காற்றின் ஆட்சி ஒழிந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரத்தில் போய்ச் சேரலாம் என்றாயிற்று. இனிக் கடல் எல்லோர்க்கும் ஒரேயளவு குறுகியிருக்க வேண்டும் அன்றோ? குறுகியதா என்று பார்ப்போம்.

1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயரின் ஆதிக்கத்துக்கு மாறிய கெடாவில், காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால்வெட்ட ஆள் வேண்டும். கங்காணி ஊருக்கு வந்தான். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் கூலி கொடுக்கப்பட்டது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பிறந்த ஏழைக்கு, கையில் காலணா இல்லாமலே கடல் கடக்கும் வழி திறந்தது. மேல்தளத்தில் ஆடுமாடுகளைப்போல் நெருக்கியடித்துக் கொண்டு வந்தான் என்றாலும், வந்துவிட்டான். வரும்போது கடல் குறுகியிருந்தது. ஆனால் தாய் இறந்தாள் என்று கடிதம் வந்தபோது அதே கடல் எவ்வளவு அகலமாயிருந்தது! நாட்கூலியில் மிச்சம் பிடித்துக் கப்பற் கூலி சேர்ப்பதற்குள் ஆண்டுகள் உருண்டன. ஒரு வாரத் தொலைவிலிருந்த ஊரைத் தம் வாழ்நாளில் மறுபடி காணாமலே, லயத்து வீட்டில் கண்மூடியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

இதில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் வாணிகம் படுத்தது. ரப்பரின் விலை பாதாளத்துக்கு இறங்கியது. தோட்டங்களுக்கு ஆள் மிகையாயினர். உடனே என்ன நடந்தது? அதுவரை அகன்று கிடந்த கடல் மறுபடியும் குறுகிப் போயிற்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் பொதுப்பணத்திலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும்வரை இந்த ஏற்றுமதியும் இறக்குமதியும் நடந்தன. கடல் அதே கடல். கப்பல் அதே கப்பல். நாள் அதே ஒரு வாரம். ரப்பரின் விலை ஏறினால் கெடா அருகில் வந்தது. விலை இறங்கினால் நாகப்பட்டினம் அருகில் வந்தது. தாயின் மரணத்துக்குக் குறுகாத கடல் ரப்பரின் விலைக்குக் குறுகிற்று என்றால், தொலைவு எல்லோர்க்கும் பொது என்று எந்த வாயால் சொல்வது?

தரையைவிட்டு வானத்துக்கு வருவோம். 1933ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷாரின் இம்பீரியல் ஏர்வேஸ் விமானப் போக்குவரத்து சிங்கப்பூர்வரை நீண்டது. இலண்டனிலிருந்து புறப்பட்ட தபால் கல்கத்தா, இரங்கூன், பாங்காக்கு வழியாக வந்தது. பாங்காக்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே அது இறங்கிய இடம் நமது அலோர் ஸ்டார். கப்பலில் மூன்று வாரத்துக்கு மேல் பிடித்த இலண்டன், வான்வழியில் ஏறக்குறையப் பத்து நாளாகச் சுருங்கிற்று. உலக நிலப்படத்தில் பெரிய நகரங்களுக்கு நடுவே அலோர் ஸ்டார் என்னும் சிறு பெயரும் அச்சேறியது. அப்போது அந்த ஊரை ஒதுக்குப்புறம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த விமானம் வயல்களுக்கும் ரப்பர்க் காடுகளுக்கும் மேலே இரைந்து சென்றபோது, கீழே பால்வாளியோடு நின்றவன் தலைநிமிர்ந்து பார்த்திருப்பான். அவனுடைய தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே நல்ல பாதை இருந்ததா? தோட்டத்துச் சாலைகள் பால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் போடப்பட்டவை: மரத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து இரயிலுக்கு, இரயிலிலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கு. லயத்திலிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சாலை போட்டவர் அரிது. இலண்டனும் சிங்கப்பூரும் அண்டை வீடுகளாயின. பிரசவ வேதனையில் துடிப்பவளுக்கோ சுங்கைப்பட்டாணி மருத்துவமனை சேய்மையிலேயே இருந்தது. விமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விமானம் மனித அறிவின் பெருமை. அந்தப் பெருமை யாருடைய அவசரத்தை அவசரம் என்று எண்ணிற்று என்பதே நமது கேள்வி.

அவசரத்தின் கொடுமை எதுவரை செல்லும் என்பதைக் காட்ட ஒரு சான்று போதும். 1942இல் மலாயாவைப் பிடித்துக் கொண்ட ஜப்பானியர், பர்மாவில் போரிட்ட தம் படைக்குத் தளவாடம் அனுப்பக் கடல்வழி நெடியது, ஆபத்தானது என்று கண்டனர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டையும் மலையையும் ஊடுருவி 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு இரயில் பாதை போட முனைந்தனர். தோட்டங்களிலிருந்து ஆட்கள் ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டு செல்லப்பட்டனர். சயாமின் எல்லையை அடுத்துள்ள கெடாவின் லயங்களும் இதற்குத் தப்பவில்லை. பதினாறு மாதத்தில், 1943 அக்டோபரில், பாதை முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகளில் பன்னீராயிரவர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் பல பதினாயிரவர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டனர். அவர்களுள் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளுக்குக் கல்லறை உண்டு. கல்லறையில் பெயரும் உண்டு. நம்மவரிற் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

ஒரு படையின் பிரயாண நேரத்தைச் சில நாள் குறைப்பதற்கு இத்தனை உயிர்! இதிலிருந்து நாம் அறியும் உண்மை யாது? எங்கேனும் ஒருவருடைய நேரம் குறைகிறது என்றால், அந்த நேரம் காற்றில் கரைந்துவிடவில்லை. பெரும்பாலும் வேறொருவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. விரைவு என்று நாம் வியப்பது பல நேரங்களில் பிறரிடமிருந்து வாங்கிக் கொண்ட காலமே. வாங்கிய காலத்துக்கு விலை கொடுக்கப்பட்டதா என்று கேட்பதுதான் அறம்.

தொலைவு இப்படியென்றால், காலமாவது எல்லோர்க்கும் பொதுவானதா? அதையும் பார்த்துவிடுவோம். 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, மேற்கு மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டுப் பன்னிரண்டு அடித்தன. கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக்கு மாநிலங்களுக்கும் தீபகற்பத்துக்கும் ஒரே மணி இருக்க வேண்டும் என்பது காரணம். நல்ல காரணந்தான், ஒரு நாட்டு மக்கள் ஒரே மணியில் வாழ்வது தொலைவைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. அதன் பயனாக இன்று அலோர் ஸ்டாரில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒரு மணியும் கடந்து ஒன்றே கால் ஆகிவிடுகிறது. ஆனால் ரப்பர் மரம் அரசாங்க உத்தரவைப் படிப்பதில்லை. வெயில் ஏறுமுன், குளிர்ந்த வைகறையில்தான் அதன் பட்டையில் பால் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் நன்றாக ஒழுகும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு எழுந்து, விடியும்போது மரத்தடியில் நிற்பது பால்வெட்டுக்காரனின் விதியாயிற்று. கடிகாரத்தை முன்னே தள்ளலாம், பின்னே தள்ளலாம். அவன் உறக்கத்திலிருந்து எடுத்துக் கொண்ட காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை.

தொலைவையும் காலத்தையும் மனிதர் முடிவு செய்கிறார்கள் என்பதைத் தமிழன் கெடாவுக்கு வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்தவர்கள் நாம். இரண்டிற்கும் இடையே கூப்பிடு தூரந்தான். ஆயினும் அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க நம்மவருக்கு நூற்றாண்டுகள் போதவில்லை. திருவிதாங்கூர்ச் சீமையில் எந்தச் சாதியான் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தே தீண்டாமை காத்தனர். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்கள் எல்லோர் கண்ணுக்கும் திறந்துதான் கிடந்தன. ஒரு சாராரின் காலுக்கு மட்டும் அடைபட்டிருந்தன. நாலு எட்டில் போகவேண்டிய இடத்துக்கு அவர்கள் ஊரைச் சுற்றிப் போக வேண்டும். 1924இல் தொடங்கிய அப்போராட்டத்தில் ஈ. வெ. இராமசாமி அவர்களும் சிறை புகுந்தார். 1925இன் இறுதியில் தெருக்களிற் பெரும்பாலானவை திறந்தன. திறந்த அத்தெருக்கள் புதிதாகப் போடப்பட்டவையல்ல.  மனிதர் தம் முடிவை மாற்றினர், தொலைவு மறைந்தது. நாம் கூறும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

"அவையெல்லாம் பழங்கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையாகிவிட்டன. மக்கள் பட்டணங்களுக்கு வந்துவிட்டனர். கையில் தொலைபேசி, வாசலில் மோட்டார் சைக்கிள். இனித் தொலைவு ஏது?" என்று சிலர் கேட்கலாம். ரப்பர் விளைந்த கூலிம் வட்டாரத்தில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது உண்மை. அங்கே செய்யப்படும் நுண்ணிய மின்பொருள்கள் பினாங்கில் விமானமேறி ஓரிரு நாளில் உலகின் மறுகோடிக்குப் போய்விடுவதும் உண்மை. கெடாவில் இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்று பேச்சு நடப்பதும் உண்மை. பொருளுக்குத் தொலைவு அழிந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. மனிதனுக்கு அழிந்ததா?

விமான நிலையத்துக்குப் போன வாசகர் யாவரும் அறிவர்: உள்நாட்டுப் பிரயாணமாயினும் அடையாள அட்டையைக் காட்டாமல் ஏற முடியாது. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் தோட்டத்திலே பிறந்து, பிறப்புப் பதிவு செய்யப்படாமலே வளர்ந்து, அட்டை இல்லாமலே முதியவரான தமிழர் இந்நாட்டில் இருக்கிறார்கள். பதிவு அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. போனால் ஒருநாட் கூலி போகும். ஒருமுறை போனால் முடியாது, வேறொரு தாள் கொண்டு வா என்பார்கள். மறுமுறை போனால் மறுநாட் கூலியும் போகும். "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தந்தை விட்ட நாள், மகனுக்கு ஆயுள் முழுவதும் தொடரும் நாளாயிற்று. அந்த மகன் விமான நிலையத்தின் வேலியோரத்திலே குடியிருக்கட்டும். விமானம் தலைக்கு மேலே நாள்தோறும் எழும்பட்டும். அவனுக்கும் லங்காவிக்கும் வான்வழியில் எவ்வளவு தூரம்? 76 கிலோமீட்டர் என்று நிலப்படம் சொல்லும். 850 என்று விமானச் சீட்டு சொல்லும். அவனுக்கு இரண்டுமல்ல, அவன் கணக்கில் அது முடிவில்லாத தூரம். அந்தத் தூரம் வானத்தில் உண்டானதன்று. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன், ஒரு லயத்துக்கும் ஒரு பதிவு அலுவலகத்துக்கும் இடையே தரையில் உண்டானது.

நம் மொழியில் தொலைவு என்னும் சொல்லுக்குத் தூரம் என்று ஒரு பொருள். அழிவு என்று மற்றொரு பொருள். தொலைவில் இருப்பவன் தொலைந்து போகிறான். அவன் குரல் கேட்பதில்லை. அவன் பெயர் எழுதப்படுவதில்லை. அவன் செத்தாலும் எண்ணப்படுவதில்லை. ஆகவே ஓர் இடத்தை ஒதுக்குப்புறம் என்று சொல்லுமுன் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். எதிலிருந்து ஒதுக்கு? யாரிடமிருந்து புறம்? பால்வெட்டுக்காரனுக்குத் தன் லயம் ஒதுக்குப்புறமன்று. அதுவே அவன் உலகின் நடு. ஒதுக்குப்புறம் என்பது ஓர் இடத்தின் பெயரென்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது, நடுவில் அமர்ந்திருப்பவர்கள் தம் வசதிக்காக வைத்துக் கொண்ட பெயர்.

இவ்வாறு கூறுவதால், எல்லா இடமும் எல்லா இடத்துக்கும் சமதூரத்தில் இருந்தே தீர வேண்டும் என்பது நமது கொள்கை என எண்ணற்க. அது ஆகாத காரியம். உலகம் பரந்தது, பொருளுக்கும் வலிமைக்கும் எல்லை உண்டு. ஒரு வழியைத் திறந்தால் மற்றொன்றைத் திறக்கப் பணம் இருக்காது. சிலர் காத்திருக்கத்தான் வேண்டும். சிலர் சுற்றிப் போகத்தான் வேண்டும். ஆனால் எப்போதும் அதே சிலர்தான் காத்திருக்க வேண்டுமா? எப்போதும் அதே சிலர்தான் சுற்றிப் போக வேண்டுமா? உல்லாசப் பிரயாணி அரைநாள் சுற்றினால் அவன் பொழுதுபோக்கில் அரைநாள் குறையும். கூலிக்காரன் அரைநாள் சுற்றினால் அவன் அடுப்பில் நெருப்பு குறையும். நிமிடம் என்று எழுதினால் இரண்டும் ஒரே நிமிடந்தான். நிறுத்துப் பார்த்தால் ஒரே எடையல்ல.

ஆதலின், அறத்தின் அளவுகோல் ஒன்றை நாம் முன்வைக்கிறோம். தொலைவை அளக்க விரும்புகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து அளக்க வேண்டாம். தலைநகரத்திலிருந்தும் அளக்க வேண்டாம். வரிசையின் கடைசி வீட்டிலிருந்து அளக்கட்டும். வண்டியில்லாதவனின் காலால் அளக்கட்டும். மழை நாளில், நோயாளியைத் தூக்கிக் கொண்டு, அன்றைய கூலியை இழந்து அளக்கட்டும். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம்? மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம்? பதிவு அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம்? அந்த மூன்று எண்களை முதலில் எழுதிக் கொண்டு, பிறகு எந்தச் சாலையும் போடலாம், எந்த விமான நிலையமும் கட்டலாம்.

அரசாங்கம் அளக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. பதிவு அலுவலகம் லயத்துக்கு வராவிட்டால், படித்த இளைஞன் ஒருவன் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போகலாம். அவன் ஒரு மாலை செலவழித்துப் பத்துப் பேருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அந்தப் பத்துப் பேருக்கும் பட்டணம் அவ்வளவுக்கு அருகில் வந்துவிடும். மோட்டார் வண்டி வைத்திருப்பவர் வண்டியில்லாத கிழவியை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றால், அந்தக் கிழவியின் ஒருநாட் கூலி தப்பும். நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பொழுதில் பாதியை இதற்குச் செலவிட்டால், தலைமுறைகளாய் நீண்டு கிடக்கும் தூரங்கள் சில ஆண்டுகளில் சுருங்கும். காற்றுக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. இனிக் குறையாத தொலைவுக்கெல்லாம் காரணம் கடலுமன்று, காடுமன்று. குறைக்கலாம் என்று தெரிந்தும் எழுந்து நடக்காத மனிதர்தாம்.